ரிலே டிக் டிக் என்கிறது, லெட்டூஸ் துவள்கிறது

கேள்வி: ஐயா, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் தரைவீட்டு மொட்டைமாடியில் குழாய்களில் தண்ணீர் ஓடவிட்டு லெட்டூஸ் வளர்க்கிறேன். 200 லிட்டர் தொட்டி. தண்ணீரைக் குளிர்விக்கும் பழைய சில்லர் ஒன்றுக்கு இஎஸ்பி32 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர், டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சார், சில்லரை ஓட்டி நிறுத்தும் ரிலே சுவிட்ச் வைத்து நானே தெர்மோஸ்டாட் செய்தேன். 22 டிகிரிக்கு வைத்திருக்கிறேன். ரிலே நிமிடத்துக்கு நாலைந்து முறை அடிக்கிறது. திடீரென்று 85 என்றும் -127 என்றும் காட்டுகிறது. மத்தியானம் செடி துவள்கிறது. விலை உயர்ந்த சென்சார் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. 85 என்பது மின்சாரம் வந்தவுடன் அந்தச் சென்சார் காட்டும் தொடக்க எண். சில்லரின் கம்ப்ரசர் கிளம்பும்போது உங்கள் அடாப்டர் தள்ளாடுகிறதா என்று பாருங்கள். -127 வந்தால் வயர் விட்டுப்போகிறது, சென்சார் வயரோடு சேர்த்த 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். -127ஐ உங்கள் புரோகிராம் கடும் குளிர் என்று நம்பி சில்லரை நிறுத்திவிடும். அந்த இரண்டு எண்ணையும் கணக்கில் எடுக்காதே என்று எழுதுங்கள்.

சென்சார் 0.0625 டிகிரி வரை பிரித்துக் காட்டும். அது ஆடும்போதெல்லாம் ரிலேயும் ஆடுகிறது. 23இல் ஓடட்டும், 21இல் நிற்கட்டும். நின்ற கம்ப்ரசர் ஐந்து நிமிடம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும். கரண்ட் போய் வந்தாலும் அப்படியே. உள்ளே அழுத்தம் சமமாகும் முன் தள்ளினால் மோட்டார் முக்கிக் கருகும். குளிர்ந்த தண்ணீர் வந்து விழும் வாயருகே சென்சாரைத் தொங்கவிட்டிருப்பீர்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் கட்டுங்கள்.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருவோம். தொட்டி என்ன நிறம்? வெயிலிலா நிற்கிறது? கறுப்புத் தொட்டியை மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டுச் சில்லர் மாட்டுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்கிற கதை. முதலில் நிழல்வலை, அப்புறம் தொட்டிக்கும் குழாய்க்கும் நுரை உறை, அதற்கப்புறம்தான் மைக்ரோகன்ட்ரோலர். நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! உறைக்கு ஆப் கிடையாது, அதனால் யாருக்கும் பிடிப்பதில்லை.

காற்றைக் குளிர்விக்க மின்விசிறி, ஏர்கான் என்று மட்டும் போய்விடாதீர்கள். குளிர்நாட்டுக் கீரைக்கு இங்கே வேர் குளிர்ந்தால் போதும். 1990களிலேயே சிங்கப்பூர்ப் பேராசிரியர் லீ சிங் கோங் குழுவினர் வேரை மட்டும் 20 டிகிரி அளவில் வைத்து, மேலே நம் ஊர் வெக்கையிலேயே லெட்டூஸ் விளைவித்துக் காட்டினார்கள். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடிக்கும். 32 டிகிரியில் 7 சொச்சம்தான். மூச்சு முட்டிய வேரில் பித்தியம் என்ற வேரழுகல் நோய் சுலபமாக ஏறும். ஒரு வேரை இழுத்துப் பாருங்கள்: பழுப்பாகி, மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்தால் தெர்மோஸ்டாட்டால் பயனில்லை. தொட்டியைக் காலி செய்து கழுவுங்கள்.

‘ஸ்மார்ட் பண்ணைப் பெட்டி’ விற்கிறவர்களிடம் போகாதீர்கள். உள்ளே இருப்பது உங்களிடம் இருக்கிற அதே சாமான், விலைதான் வேறு. மலிவுச் சென்சாரில் போலியும் உண்டு. நான் வாங்கிய பத்துச் சென்சாரை, நொறுக்கிய ஐஸ் நிரம்பிய தம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி இறக்கினேன். ஏழு பூஜ்யத்தை ஒட்டி நின்றன. மூன்று 2 டிகிரிக்கு மேல் தப்பு. தூக்கிப்போட்டேன்.

அந்த நீல ரிலேயில் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். நம்பாதீர்கள். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். இடையில் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் போட்டு, 230 வோல்ட் பக்கத்தை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். ஈரத் தரையில் நின்று அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம்.