பிளாஸ்டிக்குக்குள் ஒரு கார்பன் வலை

கேள்வி: பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றே மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். கார்பன் நானோ குழாய்களை (கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்கள்) நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தாலே அது கடத்தும் என்று அண்மையில் படித்தேன். மலிவான கரித்தூள் போதாதா? செம்புக்கு மாற்றாக இது வருமா? வகுப்பில் செய்துகாட்ட முடியுமா?
— இயற்பியல் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: நீங்கள் சொல்லித் தருவதில் பிழையில்லை. நானோ குழாய் கலந்த பிறகும் பிளாஸ்டிக் கடத்தாப் பொருளாகவேதான் இருக்கிறது. அதனூடே பின்னிக் கிடக்கும் குழாய்களே மின்சாரத்தைக் கொண்டுசெல்கின்றன. (தானே கடத்தும் பாலிமர்கள், அதாவது பிளாஸ்டிக் போன்ற நீண்ட மூலக்கூறுப் பொருள்கள், வேறு வகை; 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவற்றுக்காக வழங்கப்பட்டது.)

கரித்தூளைக் கலந்தும் நெடுங்காலமாகக் கடத்தும் பிளாஸ்டிக் செய்துவருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் எடையில் 10 முதல் 20 விழுக்காடு வரை சேர்க்க வேண்டியிருப்பதால், பொருள் எளிதில் முறிவதோடு, உரசும் இடத்தில் கரியும் உதிர்கிறது. கரித்தூள், நானோ குழாய் இரண்டும் கார்பன்தான், வேறுபாடு வடிவத்தில் இருக்கிறது. ஒரு முறத்தில் மிளகைத் தூவினால், இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வரிசை அமைவதற்குள் முறத்தில் பாதிக்குமேல் நிறைந்துவிடும். தென்னை ஈர்க்குகளை வீசிப் போட்டாலோ, கொஞ்சம் ஈர்க்குகளே குறுக்கும் நெடுக்குமாக விழுந்து வழி அமைத்துவிடும். நானோ குழாயின் குறுக்களவு சுமார் 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்றால், நீளம் அதைப்போல் ஆயிரம் மடங்கு இருக்கலாம். ஆகவே எபாக்சிப் பிசினில் 0.1 விழுக்காட்டுக்கும் குறைந்த அளவிலேயே இந்த வலை கூடிவிடுவதுண்டு. வலை கூடும்வரை ஏறக்குறைய எந்த மாற்றமும் தெரியாது. கூடியவுடன் கடத்துதிறன் இலட்சக்கணக்கான மடங்கு தாவுகிறது. குழாய்கள் தொட்டுக்கொள்ளவேண்டும் என்பதுகூட இல்லை. இடையில் ஓரிரு நானோமீட்டர் பிளாஸ்டிக் இருந்தாலும் குவாண்டம் விதிப்படி எலெக்ட்ரான்கள் அதைக் கடந்துவிடுகின்றன. இத்துறையில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

கலக்குவதுதான் பெரும்பாடு. கூழில் மாவு கட்டிதட்டுவதுபோல் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அவற்றைப் பிரிக்க மீயொலியையோ, பிளாஸ்டிக்கை உருக்கிப் பிசையும் இரட்டைத் திருகு இயந்திரத்தையோ அளவுமீறிப் பயன்படுத்தினால், குழாய்கள் ஒடிந்து, நமக்கு வேண்டிய நீளமே போய்விடும்.

செம்புக்கு மாற்றாக வராது. ஒவ்வொரு சந்திப்பிலும் மின்தடை இருப்பதால், வழக்கமான கலவைகள் செம்பைவிட இலட்சக்கணக்கான மடங்கு குறைவாகவே கடத்துகின்றன. நிலைமின்னூட்டத்தை வடியவிட அதுவே போதும். நைலான் குழாயில் பெட்ரோல் ஓடும்போது மின்னூட்டம் சேர்ந்து பொறி பறக்கக்கூடும் என்பதால், கார்களின் எரிபொருள் குழாய்களில் இக்கலவையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வகுப்பில் நானோ குழாய்த் தூளைக் கையாளவே வேண்டாம். மூச்சில் கலந்தால் நுரையீரலுக்குத் தீங்கு செய்யக்கூடியது. அதன் ஒரு வகையை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் வகைப்படுத்தியது. அதற்குப் பதிலாக, ஒரு பிளாஸ்டிக் தட்டின் இரு ஓரங்களிலும் அலுமினியத் தாள் ஒட்டி, பேட்டரியையும் சிறு பல்பையும் இணைத்து, சைக்கிள் பால்ரஸ் குண்டுகளையும் பிறகு குண்டூசிகளையும் தனித்தனியே தூவச் சொல்லுங்கள். பல்பு எரியும் கணத்தில் தட்டில் கிடப்பதை இரண்டு முறையும் எடைபோட்டு மாணவர்களே ஒப்பிடட்டும்.