ஒரு சோறு பதமாகுமா?

அன்புள்ள ஐயா,

காற்றில் மிதக்கும் துகள்களை ஒவ்வொன்றாக லேசரால் சுட்டு, அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் கருவியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒருநாள் தூசி முழுவதையும் வடிதாளில் பிடித்து ஆய்வகத்தில் கரைத்தால், இத்தனை இரும்பு, இத்தனை அலுமினியம் என்று தெரிந்துவிடுமே? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பருக்கை பருக்கையாக எதற்குப் பார்க்கவேண்டும்?

க.


அன்புள்ள க.,

அந்தப் பழமொழி ஒரே உலையில் வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். காற்றில் இருப்பது ஊரெல்லாம் வாங்கி ஒன்றாகக் கொட்டிய சோறு. ஒரு பருக்கை கடலலையில் தெறித்த உப்பு, பக்கத்தில் இருப்பது விறகுப் புகை, அடுத்தது கப்பல் புகைபோக்கியிலிருந்து வந்தது.

கருவி செய்வது இதுதான். வெற்றிடத்துக்குள் சீறி நுழையும் துகள் முதலில் இரண்டு லேசர் கதிர்களைக் கடக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை வைத்து அதன் பருமனைக் கணிக்கிறார்கள். அடுத்த இமைப்பொழுதில் புற ஊதா லேசர் சுடுகிறது. துகள் ஆவியாகி அயனிகளாக, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களாக, சிதறுகிறது. அவற்றை எண்ணும் உணரிக்கு லேசானவை முதலில் ஓடிவரும். அணு எடை வரிசையில் சோடியம் 23, பொட்டாசியம் 39, இரும்பு 56. ஒரு துகளுக்கு ஒரு வரைபடம்.

சரி, குறையும் உண்டு. லேசர் ஒவ்வொரு துகளிலும் ஒரே மாதிரி படாது. எத்தனை மைக்ரோகிராம் என்று கேட்டால் உங்கள் வடிதாளிடம்தான் போகவேண்டும்.

ஆனால் 2023இல் அலாஸ்காவில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவைச் சேர்ந்த டேனியல் மர்ஃபியின் குழு, நாசாவின் டபிள்யூபி-57 விமானத்தின் மூக்கில் இப்படி ஒரு கருவியை வைத்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கவிட்டது. அந்த உயரத்தில் மிதப்பவை பெரும்பாலும் கந்தக அமிலத் துளிகள். அவற்றில் விண்கல்லின் இரும்பு இருப்பதை மர்ஃபி 1998இலேயே எழுதிவிட்டார். இந்த முறை அலுமினியம், லித்தியம், செம்பு எல்லாம் இருந்தன. அப்புறம், யாரும் எதிர்பாராத நையோபியமும் ஹாஃப்னியமும். ராக்கெட் பாகங்களில் வெப்பம் தாங்குவதற்குச் சேர்க்கும் உலோகங்கள் அவை! 120 நானோமீட்டருக்குப் பெரிய துளிகளில் சுமார் 10 சதவீதத்தில் விண்கலங்களிலிருந்து வந்த இந்த உலோகங்கள் இருந்தன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். அந்த அலுமினியம் மண் தூசியாக இருக்கக்கூடாதா? மண் என்றால் சிலிக்கானும் கூடவே வந்திருக்கும். இங்கே அலுமினியமும் செம்பும் ஒரே துளிக்குள், விண்கலம் செய்யும் உலோகக் கலவையில் இருக்கும் அதே விகிதத்தில் இருந்தன. ஆயுள் முடிந்து விழும் செயற்கைக்கோள்களும் ராக்கெட் அடுக்குகளும் மேலே எரிந்து ஆவியாகி, அந்த ஆவி அமிலத்துளிகளில் வந்து சேர்ந்திருக்கிறது.

வடிதாளைக் கரைத்திருந்தால் அலுமினியம் இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று இரண்டு வரி கிடைத்திருக்கும். இரண்டும் ஒரே துளிக்குள் இருந்தன என்பதும் அதோடு கரைந்து போயிருக்கும்.