வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திடாதீர்கள்: கிராம சபைத் தீர்மானம் குறித்த கேள்விக்குப் பதில்

கேள்வி: ஐயா, மேலூருக்கு அருகில் ஒரு கிராமத்தின் காலனித் தெருவில் 46 வீடுகளில் வசிக்கிறோம், பெரும்பாலோர் கூலி வேலைக்குச் செல்பவர்கள். ஊரின் மற்றத் தெருக்களில் இரண்டு முறை பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். எங்களுக்குத் தெருமுனையில் ஒரே ஒரு பொதுக்குழாய்தான். சென்ற கிராம சபையில் பெண்கள் எழுந்து கேட்டோம். "தலைவர் பதவிக்காலம் முடிந்துவிட்டது, இப்போது தீர்மானம் போட்டால் செல்லாது, மேலிருந்து வந்த பொருளைத்தான் எழுத முடியும்" என்று ஊராட்சிச் செயலாளர் சொல்லிவிட்டார். மதுரையிலிருந்து வரும் ஒருவர் வீட்டுக்கு 500 ரூபாய் கொடுத்தால் சங்கம் பதிவு செய்து, தகவல் உரிமை மனுவும் வழக்கும் போட்டுத் தருவதாகக் கூறுகிறார். கொடுக்கலாமா? — வாசகி, மேலூர் வட்டம்

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. 46 வீட்டுக்கு 23,000 ரூபாய் ஆகிறது. அவர் செய்து தருவதாகச் சொல்லும் வேலையில் இப்போது தேவைப்படுவதற்கு ஆகும் செலவு 10 ரூபாய். கிராம சபையில் பேசச் சங்கமும் தேவையில்லை, பதிவு எண்ணும் தேவையில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243ஆம் பிரிவே சொல்கிறது.

செயலாளர் சொன்ன காரணமும் தவறு. மதுரை உள்ளிட்ட பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம். கிராம சபைக்குப் பதவிக்காலம் என்பதே கிடையாது. தலைவர் இடத்தில் அரசு அமர்த்திய தனி அலுவலர் இருக்கிறார், சபை அப்படியே இருக்கிறது. மேலிருந்து வரும் பொருள்களோடு ஊர்மக்கள் எழுப்பும் பொருளையும் சேர்த்து எழுதத்தான் அந்தக் கூட்டமே கூட்டப்படுகிறது. சென்னையில் அச்சான பொருள்பட்டியலை வாசித்து முடித்துத் தேநீர் கொடுத்து அனுப்புவதற்குப் பெயர் கிராம சபை அன்று.

கோரிக்கை எழுத்தில் ஏறாமல் போவதற்கான முதற்காரணம், என் அனுபவத்தில், வெற்றுப் பக்கத்துக் கையெழுத்து. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு ஊராட்சியின் மினிட் புத்தகத்தைப் பார்த்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட கையெழுத்துகளும் கைநாட்டுகளும் நீல மையில் இருந்தன. அவற்றுக்கு மேலே விடப்பட்டிருந்த இடத்தில் தீர்மானங்கள் கறுப்பு மையில், கடைசி நான்கு வரிகள் இடம் போதாமல் நெருக்கி நெருக்கி எழுதப்பட்டிருந்தன. அந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டால், "வாசல்லயே கையெழுத்து வாங்கிட்டாக சார்" என்கிறார்கள். வருகைப் பதிவேடு வேறு, தீர்மானப் பக்கம் வேறு. வருகைக்குத் தாராளமாகக் கையெழுத்திடுங்கள். தீர்மானப் பக்கத்தில், எழுதி முடித்து, எல்லோர் காதிலும் விழும்படி வாசித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்ட பிறகே கையெழுத்திடுங்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கும்போது படித்த பெண் ஒருத்தி பக்கத்தில் நிற்கட்டும். முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தை முன்கூட்டியே நீங்களே எழுதி, இரண்டு படிகளாகக் கொண்டுசெல்லுங்கள். "எங்கள் தெருவுக்கு வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் அது ஆவன செய்யப்படும் என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். "காலனித் தெருவின் 46 வீடுகளுக்குக் குடிநீர் இணைப்பு வழங்குவதென்றும், 2021-22 முதல் 2024-25 வரை பெறப்பட்ட மத்திய நிதிக்குழு மானியம் எந்தெந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவிடப்பட்டது என்பதை அடுத்த கிராம சபையில் வைப்பதென்றும் தீர்மானிக்கப்படுகிறது" என்று எழுதுங்கள். இந்த ஆண்டுகளைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டிய பணம். அதிலிருந்து தெருவுக்குக் கல் பதிக்க முடியாது. அந்தப் பணம் எந்தத் தெருவின் குழாய்க்குப் போனது என்று கேட்டாலே வேற்றுமை கணக்கில் தெரிந்துவிடும். ஒரு படியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் அன்றே விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) தனி அலுவலருக்கு அனுப்புங்கள்.

ஆள் எண்ணிக்கையைக் காட்டியும் தட்டிக்கழிப்பார்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்திருக்க வேண்டும். 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். ஆகவே 46 வீட்டாரும் வந்தாக வேண்டும். தேதியையும் முன்பே விசாரியுங்கள். 2024இல் நவம்பர் 1ஆம் தேதிக் கூட்டம் 23க்கும், 2025இல் அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டம் 11க்கும் தள்ளிப்போயின. வேலைக்கு விடுப்பு எடுத்துவிட்டுக் காத்திருக்கும் கூலிக்காரருக்கு அன்றைய கூலியை யார் தருவார்கள் என்று எவரும் யோசிப்பதில்லை.

ஒரு விலக்கை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். உங்கள் தெரு உண்மையில் யாருடைய நிலம்? குடியிருப்புக்கென்று விடப்பட்ட நத்தத்திலோ பாதைப் புறம்போக்கிலோ இருந்தால் சிக்கலில்லை. தெருவின் ஒரு பகுதி யாரோ ஒருவரின் பட்டா நிலத்தில் ஓடினால், அவர் ஒரு தலைமுறையாக வழிவிட்டிருந்தாலும், ஊராட்சிப் பணத்தில் அங்கே குழி தோண்டத் தணிக்கை இடம் தராது என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு. ஆகவே தீர்மானத்துக்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண் கேட்டு, நில விவரங்கள் எழுதிய 'அ' பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் தெரு எப்படிக் காட்டப்பட்டுள்ளது என்று பாருங்கள். பட்டா நிலம் என்றால் உரிமையாளர் அந்தத் துண்டை ஊராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தர வேண்டும். வாய்ப்பேச்சில் "விட்டுத் தருகிறேன்" என்றால் போதாது. அவருடைய மகன் நாளை கம்பி வேலி போட்டுவிடுவார். எழுதித் தர மறுத்தால், குழாயை எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவரலாம் என்று பொறியாளரிடம் கேட்டு அந்த வழியைத் தீர்மானத்தில் குறிப்பிடுங்கள்.

தீர்மானம் எழுதிய மறுநாள் குழாய் வந்துவிடாது. அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து உங்கள் வட்டார ஊராட்சிகள் 2024 நவம்பரில் தீர்மானம் போட்டன; ஏலம் ரத்தானது 2025 ஜனவரி 23 அன்று. நடுவில் சட்டமன்றத் தீர்மானமும், நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைவரை மக்கள் நடந்த நடையும் இருந்தன. ஆனால் ஊர் ஊராக ஒரே பேச்சு என்பதற்கு அந்தத் தாள்கள்தான் சான்றாக இருந்தன.

மனுவில் ஒருவர் பெயரை மட்டும் முன்னால் நிறுத்தாதீர்கள். 1997 ஜூன் 30 அன்று மேலவளவின் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் கொல்லப்பட்டது உங்கள் வட்டத்தில்தான். எல்லா வீட்டுக் கையெழுத்தும் வட்டமாக இருக்கட்டும். எது முதல், எது கடைசி என்று தெரிய வேண்டாம்.

அந்த 10 ரூபாய் எதற்கென்றால், வெள்ளைத் தாளில் தகவல் உரிமை மனு எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தீர்மானப் பக்கத்தின் நகலைக் கேட்பதற்கு. வறுமைக் கோட்டுப் பட்டியலில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் இடைத்தரகர் வேண்டாம். நகல் கைக்கு வந்ததும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து சென்று மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவரே. ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருவதாக மேசை போட்டிருப்பவர்களிடம் உட்காராதீர்கள். வீட்டிலேயே எழுதிக்கொண்டு போய், மனு எண் உள்ள ரசீதை வாங்கிய பிறகே பேருந்து ஏறுங்கள்.