மீன்தொட்டியில் பச்சைத் தண்ணீர்: கழுவக் கழுவ ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: வீட்டுக் கொல்லையில் 10 அடி நீளம், 8 அடி அகலத்தில் சிமென்ட் தொட்டி கட்டி, 3 அடி தண்ணீரில் 20 கோய் மீன்கள் வளர்க்கிறோம். மாதம் ஒருமுறை தண்ணீரை முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவுகிறோம். பத்து நாளில் மறுபடி பச்சை. இப்போது விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மயில்துத்தம் போடலாமா?

பதில்: போடாதீர்கள். பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும். மறுநாள் காலையில் மீன்கள் மிதக்கும். காரத்தன்மை குறைந்த தண்ணீரில் மயில்துத்தத்தில் இருக்கும் தாமிரமே மீனுக்கு நஞ்சு. கடினமான போர் தண்ணீரிலோ அது பாதி வேலைகூடச் செய்யாமல் அடியில் படிந்துவிடும்.

முதலில் மீன்களின் உயிரைப் பார்ப்போம். பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியும் நேரத்தில் மீன் திணறுகிறது. இன்றிரவே காற்று மோட்டார் வாங்கி, காற்றைக் குமிழிகளாக விடும் இரண்டு காற்றுக்கற்களைத் தொட்டியில் இறக்கி, இருட்டியதிலிருந்து வெயில் ஏறும் வரை ஓடவிடுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். கோய் அதைத் தாங்கும்.

இனி காரணத்துக்கு வருவோம். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டிச் சுவரில்தான் ஒட்டி வாழ்கின்றன. ஒவ்வொரு மாதமும் அவற்றைத் தேய்த்து எடுத்துவிடுகிறீர்கள். புதுத் தண்ணீரில் சேரும் அம்மோனியாவைத் தடுக்க ஆளில்லை, வெயிலும் நேராக விழுகிறது. பாசி பெருகாமல் என்ன செய்யும்? முழுக்கக் கழுவும் பழக்கம்தான் இங்கே முதல் குற்றவாளி. சுவரில் குட்டையாகப் படரும் பாசியை விட்டுவிடுங்கள், மீன் மேயும். நீளமாகத் தொங்கும் நூல்பாசியை மட்டும் குச்சியில் சுற்றி இழுத்து எடுங்கள்.

உங்கள் தொட்டி ஏறக்குறைய 6,800 லிட்டர். வாரம் ஒருமுறை அடியில் படிந்த கசடோடு 700 லிட்டரைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றி, அதே அளவு புதுத் தண்ணீர் விடுங்கள். போர் தண்ணீரைத் தெளித்தபடி விட்டால் காற்று கலக்கும். குளோரின் கலந்த மாநகராட்சித் தண்ணீரை டிரம்மில் ஒரு நாள் திறந்துவைத்துக் காற்றுக்கல் போட்ட பிறகே சேர்க்க வேண்டும்.

வடிகட்டி இல்லாமல் இத்தனை மீனுக்கு எதுவும் நிலைக்காது. 200 லிட்டர் டிரம் இரண்டு போதும். முதலாவது வெறும் டிரம். கசடு படிய, அடியில் வால்வோடு. இரண்டாவதில் அடியிலிருந்து தண்ணீர் ஏறும்படி குழாய் அமைத்து, மேலே நைலான் வலை, அதற்கு மேல் ஒயரிங் வேலைக்கு வாங்கும் நெளிவுக் குழாயை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி நிரப்புங்கள். இரண்டு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒருமுறை சுற்றிவர வேண்டும். உயரத்தில் ஏற்றும்போது மோட்டாரின் வேகம் குறையும் என்பதால் மணிக்கு 5,000 லிட்டர் மோட்டார் வாங்குங்கள். இரவும் பகலும் ஓட வேண்டும். சில மணி நேரம் நிறுத்தினாலே உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும். துண்டுகளைத் தொட்டித் தண்ணீரில் மட்டும் லேசாக அலசுங்கள். நுண்ணுயிர்கள் நிலைபெற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை பச்சை போகாது, பொறுமை வேண்டும். அவசரமென்றால் 18 வாட் புற ஊதா விளக்கு மிதக்கும் பாசியை அழிக்கும். நூல்பாசியை அது ஒன்றும் செய்யாது.

தீனியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மீன் சராசரி 200 கிராம் என்றால் 20 மீனுக்கும் சேர்த்து நாளைக்கு 40 கிராம் போதும். ஐந்து நிமிடத்தில் தின்று தீராத தீனி அத்தனையும் பாசிக்கு உரம். இவை முழு வளர்ச்சி அடையும்போது இந்தத் தொட்டி ஆறேழு மீனுக்குத்தான் தாங்கும். மற்றவற்றை இப்போதே பிரித்துக்கொடுக்க யோசியுங்கள்.

பாதி நீர்ப்பரப்பு நிழலில் இருக்கட்டும். அல்லியைப் பூந்தொட்டியில் நட்டு இறக்கி, மண்ணின் மேல் கூழாங்கல் பரப்பினால் கோய் கிளறாது. ஆகாயத்தாமரையை வலை வளையத்துக்குள் மிதக்கவிடுங்கள், இல்லாவிட்டால் வேரைத் தின்றுவிடும். செடி படரும் வரை 50 சதவீத நிழல்வலை கட்டலாம். பெருகும் ஆகாயத்தாமரையை வாரம்தோறும் கொஞ்சம் அள்ளி வெளியேற்றினால்தான் அது உறிஞ்சிய சத்தும் தொட்டியை விட்டுப் போகும். அள்ளியதைத் தென்னை மூட்டில் போடுங்கள். ஏரி, வாய்க்காலில் மட்டும் வீசிவிடாதீர்கள், அங்கே நீர்ப்பரப்பையே மூடிவிடும்.