சிங்கத்துக்கு 'ட' போட்டுக் கொடுத்த ஜோசியர்

ஆவணி பிறந்தால் பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டு எனக்குக் கடிதம் கூடிவிடும். இந்த முறை வந்ததில் பாதி சிம்ம ராசிப் பிள்ளைகள். முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் நான், ஜோசியன் இல்லை. பஞ்சாங்கத்தில் உள்ளதைச் சொல்வேன், அதோடு பெயரின் பொருளையும் சொல்வேன்.

பேத்திக்குப் பூரம், இரண்டாம் பாதம். 'ட'வில்தான் பெயர் வைக்கணும் என்கிறார் ஜோசியர். அவரே 'டர்ஷிகா' என்று எழுதியும் கொடுத்தார். வைக்கலாமா? (ஒத்தக்கடை தாத்தா)

மஞ்சள் தடவிய அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். 'டர்ஷிகா'வுக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். போட்டவருக்கு என் ஓட்டு.

ஒரு நட்சத்திரத்தை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பாதம். அந்தப் பாதத்துக்கு எழுத்து சொல்லும் அட்டவணை வடமொழி எழுத்து வரிசையை வைத்துப் போட்டது. மகத்துக்கு ம, மி, மு, மெ. பூரத்துக்கு மோ, ட, டி, டு. உத்திரம் முதல் பாதத்துக்கு டே. ஆக, சிம்மத்தின் ஒன்பது பாதத்தில் நாலு 'ட' வரிசையில் மாட்டிக்கொள்கிறது. தமிழிலோ 'ட' சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியம் காட்டும் மொழிமுதல் எழுத்துகளில் அது இல்லை. 'ர', 'ல'வும் இல்லைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தைப் போட்டு இராமன், இலக்குமி என்று நம் முன்னோர் சமாளித்தார்கள். அதே வழியில் 'டு'வுக்கு முன்னால் 'இ' போட்டால் இடும்பன் வருவான். பேரனாக இருந்தால் பழனி முருகனை நினைத்து வைக்கலாம், பேத்திக்கு எப்படி வைப்பது?

சிம்மத்துக்காரர்களாவது பரவாயில்லை. அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு 'ண', திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங' என்று அச்சடித்திருக்கிறது. 'ங'வில் தொடங்கும் பெயரோடு ஒரு பிள்ளையையும் என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் நான் பார்த்ததில்லை.

பெரியவர்கள் கண்ட வழி எளிது. பாதம் ஒத்துவராவிட்டால் அதே நட்சத்திரத்தின் வேறு எழுத்து, அதுவும் சரிப்படாவிட்டால் அதே ராசியின் எழுத்து. பூரத்திலேயே 'மோ' இருக்கிறது: மோகனா. மகத்தின் எழுத்தை எடுத்தால் மலர்விழி, மதி, முல்லை, மேகலை என்று வாசல் திறந்துகொள்ளும். 'தர்ஷிகா'வில் தரிசனம் என்று ஒரு வேராவது இருக்கிறது. 'த'வை 'ட' ஆக்கினால் அதுவும் போச்சு.

இன்னொன்று. திருவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கும் ஆடிப்பூரம்தான். பெரியாழ்வார் 'ட' தேடவில்லை; பூமாலை என்று பொருள்படக் கோதை என்றார்.

மகத்தில் பிறந்த மகன். சிங்கம் என்று பொருள் வரும் தமிழ்ப்பெயர் வேண்டும். (திருமங்கலம்)

அரிமா நல்ல சொல். ஆனால் 'அ' கார்த்திகை முதல் பாதத்து எழுத்து, அதாவது மேஷம். சிங்கத்தின் பெயர் ஆட்டுக்குப் போய்விடுகிறது! எழுத்துப்படி பொருந்துவது மடங்கல். அதற்குச் சிங்கம் என்று பொருள் இருப்பதுபோல யமன் என்றும் பொருள் உண்டு. காதில் மூன்று தரம் அதைச் சொல்ல எந்த அத்தைக்கும் மனசு வராது.

சிங்கத்தைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத் தொடலாம். யானைமலை அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையைப் பார்த்திருப்பீர்கள். பாண்டிய மன்னனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்தது, கி.பி. 770 என்று கல்வெட்டுக் கணக்கு. வேலை முடியுமுன் அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்துவைத்தார். மாறன் பாண்டியருக்கே உரிய பெயர், மகத்தின் எழுத்து, நரசிங்கத்தோடு ஒட்டிய கதை. பஞ்சாங்கத்தில் ம, மா இரண்டையும் ஒன்றாகத்தான் கொள்வார்கள். என்னைக் கேட்டால் மாறன்.

ஜூலை 28-ல் பிறந்த குழந்தைக்கு ஆப் சிம்மம் என்கிறது, ஜாதகத்தில் தனுசு. எது சரி? (செல்லூர்)

ஆப் சூரியனைப் பார்க்கிறது, அதுவும் மேல்நாட்டுக் கணக்கில். நம் ஊரில் ராசி என்றால் சந்திரன் நிற்கும் இடம். சந்திரன் ஒரு ராசியில் சுமார் இரண்டேகால் நாள்தான் இருக்கும். பெயரெழுத்துக்கு ஜாதகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மகள் மீன ராசி, ரேவதி நட்சத்திரம். மதுரையில் இருந்துகொண்டு மீனாட்சி என்று வைக்காமல் எப்படி? (வடக்கு மாசி வீதி)

தாராளமாக வையுங்கள். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: 'மீ' மகம் இரண்டாம் பாதத்து எழுத்து, சிம்மத்துக்குச் சொந்தம். மீனத்துக்கு 'மீ' கிடையாது! ரேவதிக்கு தே, தோ, ச, சி. ஆக, பொருள் மீனத்தில் நிற்கிறது, எழுத்து சிம்மத்தில் நிற்கிறது. நான் எப்போதும் பொருள் பக்கம்.

மீனைப் போன்ற கண்ணுடையவள் மீனாட்சி. இதையே திருஞானசம்பந்தர் அங்கயற்கண்ணி என்று பாடினார்: அம், கயல், கண்ணி. தமிழில் மீன் என்றால் வானத்து நட்சத்திரமும்தான். ரேவதி நட்சத்திரத்துப் பிள்ளைக்கு இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்? எழுத்தை விடமாட்டேன் என்று வீட்டில் யாராவது அடம்பிடித்தால் தேன்மொழி இருக்கிறாள்.

மகனுக்கு மகம். மாமனார் பெயர் மாயாண்டி, அதையே வைக்கச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவார்களே? (உசிலம்பட்டிப் பக்கத்துத் தாய்)

அம்மா, பெயரன்தான் பேரன் ஆனான். தாத்தா பெயரைச் சுமப்பவன். பாண்டிய ராஜாக்களே மாறவர்மன், சடையவர்மன் என்று மாற்றி மாற்றிப் பட்டம் சூடியவர்கள். உங்கள் மாமனார் கேட்பது சின்ன விஷயம் இல்லை. எழுத்தும் அச்சாகப் பொருந்துகிறது.

உங்கள் பயத்தையும் நான் தள்ளவில்லை. கேலி நடக்கிற வகுப்பில் நின்றவன் நான். மாயன் என்று வையுங்கள். தாத்தா பெயரில் பாதி அப்படியே இருக்கிறது. மாயோன் என்று சங்கப் பாட்டில் வரும் கருநிறத் திருமாலின் பெயரும் அதுதான். கிடாவெட்டில் சாமி முன்னால் முழுசாக மாயாண்டி என்று கூப்பிடட்டும். மாமனார் பெயரை நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத வீடாக இருந்தால், பையனைக் கூப்பிட உங்களுக்கும் வழி பிறந்தது.

பெயர் முடிவாகவில்லை. பிறப்புச் சான்றிதழுக்கு அவசரப்படணுமா? (மேலூர்)

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், பெயர் இல்லாமலேயே பதியலாம். பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். மனுவில் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் நீங்களே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். கணினியில் ஏற்றுபவர் காதில் விழுந்ததை அடித்தால், மலர்விழி 'மலர்விலி' ஆகிவிடுவாள்.