பிஎம்டபிள்யூ எம்5 (எஃப்90): எம்1, எம்2 பொத்தான்கள் எதற்கு? குளிரில் வண்டியைத் திருப்பினால் முன் டயர் ஏன் தத்துகிறது?

இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டியரிங்கில் இருக்கும் அந்த இரண்டு சிவப்புப் பொத்தான்கள்தான். இன்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எடை, கியர் மாறும் வேகம் எல்லாவற்றையும் தனித்தனியே அமைத்துச் சேமித்துக்கொள்ளலாம். எம்1-இல் இன்ஜின் ஸ்போர்ட், சஸ்பென்ஷன் கம்ஃபர்ட் என்று வையுங்கள். கரடுமுரடான சாலையில் சஸ்பென்ஷனை இறுக்கினால் வேகம் கூடாது, முதுகுதான் வலிக்கும். ஸ்டியரிங்கும் கம்ஃபர்ட்டிலேயே இருக்கட்டும். ஸ்போர்ட் பிளஸ் கனத்தைக் கூட்டுமே தவிர, சாலையின் உணர்வைக் கூட்டாது.

இது நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும் கார். பின்சக்கர இயக்கத்துக்கு மட்டும் மாற, டிஎஸ்சி-யை (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) முழுவதுமாக அணைத்தாக வேண்டும். 600 குதிரைத்திறனும் பின்னால் போகும், காப்பாற்ற எதுவும் இருக்காது. பொதுச்சாலையில் அதைத் தொடாதீர்கள்.

டயர் தத்துவது பழுதல்ல. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வட்டத்தில் போக வேண்டும். அந்தக் கோணம் துல்லியமாகப் பொருந்தாததால் அகலமான டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிவிடும். அதனால் வழுக்காமல், பிடித்துப் பிடித்து விடும். குளிர்கால டயர் போட்டால் பெரிதும் அடங்கும்.

டயர் மாற்றும்போது நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். முன்னும் பின்னும் தேய்மானம் வேறுபட்டால் உருளும் சுற்றளவு மாறி, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடாகும்.