"நாட் டிடெக்டட்" என்றால் என்ன? எச்ஐவி கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எச்ஐவி உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். யார் பெயரும் போடவில்லை.

ரிப்போர்ட்டில் வைரஸ் "நாட் டிடெக்டட்" என்று வந்துவிட்டது. இனி மாத்திரையை நிறுத்தலாமா ஐயா?

வேண்டாம் தம்பி. ரத்தத்தில் உள்ள வைரஸ் மெஷின் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான். சில செல்களுக்குள் அது பதுங்கிக் கிடக்கிறது. மாத்திரையால் அதை அங்கிருந்து கிளப்ப முடியாது. லாலாங் புல்லை மேலே வெட்டினால் நிலம் சுத்தமாகத்தான் தெரியும், கிழங்கு அடியில் இருக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்ப ஏறும்.

எனக்குத் தெரிந்த ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரர் இப்படித்தான் நிறுத்தினார். ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்தார். அந்த இரண்டு வார்த்தைகளைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம். கையில் கொடுத்தவர்கள் அதற்கு அர்த்தம் சொல்லவில்லையாம். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

என் சிடி4 410-லிருந்து 380 ஆகிவிட்டது. மருந்து வேலை செய்யவில்லையா அண்ணே?

சிடி4 என்பது எதிர்ப்புச் சக்திக்கான செல்களின் எண்ணிக்கை. சளி, காய்ச்சல் வந்தாலே கொஞ்சம் ஏறி இறங்கும். 200-க்குக் கீழே போனால்தான் காசநோய், நிமோனியா மாதிரி தொற்றுகளுக்கு ரொம்பவே பயப்பட வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்பதை வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு சொல்லும். அது குறைவாக இருக்க வேண்டும், சிடி4 கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொண்டு கவலைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணவருக்கு இருக்கிறது. ஒரே தட்டு, ஒரே பாத்ரூம். கொசு வேறு அதிகம்.

இவற்றால் பரவாது அம்மா. நீங்கள் கேட்கத் தயங்கியதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தினமும் மாத்திரை எடுத்து, வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் ஆறு மாதமாவது நிலைத்திருந்தால், உடலுறவு வழியாக உங்களுக்கு வராது. நூற்றுக்கணக்கான தம்பதிகளை வைத்து ஆராய்ந்து உறுதி செய்த விஷயம் இது. மற்ற பால்வினை நோய்களுக்கு ஆணுறை வேண்டும். நீங்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். பிள்ளைக்கு வந்துவிடுமா?

மருந்தை ஒழுங்காக எடுத்தால் அந்த வாய்ப்பு மிக மிகக் குறைவு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவி பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-ல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றே கொடுத்தது. கிளினிக் தேதியைத் தவறவிடாதீர்கள். தாய்ப்பால் பற்றி டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

வயிற்றெரிச்சலுக்குக் கடையில் மருந்து வாங்கிக் குடிக்கலாமா? என் மாத்திரை பெயர் தெரியாது, வெள்ளையாக இருக்கும்.

முதலில் டப்பாவைப் போட்டோ எடுத்து வையுங்கள். அதில் டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்தின் பெயர் இருந்தால், அலுமினியம், மக்னீசியம் கலந்த வயிற்று மருந்து அதை உடம்பில் சேரவிடாது. எச்ஐவி மாத்திரையை வயிற்று மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். அப்புறம், வீட்டில் ஜாமு (மூலிகை மருந்து) பாட்டில் இருந்தால் அதையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.